சிங்கப்பூரில் கிடைக்கும் அந்த ஒரு நாள்: மட்டக்களப்பிலிருந்து அலுவலக வேலையாகப் போகிறவர்களுக்கு

பயிற்சி, பட்டறை, கூட்டம் என்று நம்மவர்கள் இப்போது அடிக்கடி சிங்கப்பூர் போகிறார்கள். போய் வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஹோட்டல், மண்டபம், ஹோட்டல், எயார்போர்ட் என்பார். ஒரு நாளைக் கூடுதலாக வைத்தால் ஊரைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அந்த ஒரு நாளுக்கான வேலையெல்லாம் மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கே போய் யோசித்தால் காசும் போகும், நாளும் போகும்.

இணையத்தில் தேடினால் ‘ஒரு நாளில் சிங்கப்பூர்’ என்று கட்டுரைகள் கொட்டும். எல்லாம் எயார்போர்ட்டுக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருப்பவர்களுக்கு எழுதியவை. நமக்குக் கட்டுநாயக்கா போய்ச் சேரவே ஒரு இராத்திரி வேண்டும், அந்தக் கணக்கு எந்தக் கட்டுரையிலும் இல்லை. அதனால்தான் இது. மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்காக, முதல் தடவை போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. டிக்கெட் போடும் முன்பே வாயைத் திறவுங்கள்

ஏற்பாடு செய்பவர்கள் உங்களுக்காக டிக்கெட் போடும்போது, கூட்டம் முடிகிற அன்றிரவே திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு இராத்திரி ஹோட்டல் அவர்களுக்கு மிச்சம். எனக்கும் அப்படித்தான் வந்தது. டிக்கெட் கைக்கு வந்த பிறகு திகதியை மாற்றக் கேட்டபோது, பயண முகவர் சொன்ன மாற்றுக் கட்டணத்துக்கு இன்னொரு பாதி டிக்கெட்டே வாங்கியிருக்கலாம். குழுவாகப் போடும் டிக்கெட் என்றால் சில சமயம் மாற்றவே விடமாட்டார்கள்.

ஆகவே பெயர்ப்பட்டியல் போகும் கட்டத்திலேயே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: திரும்பும் திகதியை ஒரு நாள் தள்ளிப் போடவும், கட்டணத்தில் வித்தியாசம் வந்தால் நான் கட்டுகிறேன், அந்த இரவுத் தங்குமிடம் என் பொறுப்பு. இந்த மூன்றையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. பல நேரம் அடுத்த நாள் டிக்கெட் அதே விலைக்குத்தான் இருக்கும், சில நேரம் குறைவாகவும் இருக்கும். விலையைப் பார்த்துப் படம் பிடித்து மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்புங்கள்.

முன்னால் ஒரு நாளா, பின்னால் ஒரு நாளா? என்னைக் கேட்டால் பின்னால்தான். இராத்திரி முழுக்க பஸ்ஸிலோ வானிலோ குலுங்கிப் போய், அப்புறம் நாலு மணி நேரம் விமானத்தில் இருந்து இறங்கிய உடம்போடு ஊர் சுற்ற முடியாது. போதாக்குறைக்கு சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 மணி என்றால் நம் உடம்புக்கு விடிகாலை நாலரை. முதல் நாள் கண்ணைத் திறக்கவே பாடாக இருக்கும். பட்டறை முடிந்த பிறகு என்றால் உடம்பும் பழகியிருக்கும், மனதிலும் பாரம் இருக்காது.

2. அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்

‘சேர், ஒரு நாள் நின்று வரட்டா’ என்று கேட்டு, அவரும் தலையாட்டிவிட்டால் போதாது. அந்த நாள் உங்கள் சொந்த விடுமுறை என்று எழுத்தில் அனுமதி இருக்க வேண்டும். அரச ஊழியர், ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் நாட்டை விட்டு வெளியே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வெளிநாட்டு விடுமுறை அனுமதி எடுக்க வேண்டும். கடிதத்தில் 12ஆம் திகதி வரை என்று இருந்து நீங்கள் 13ஆம் திகதி இறங்கினால், பிறகு விளக்கம் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். அந்த அனுமதி மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்ப வாரக்கணக்கில் எடுக்கும். விண்ணப்பத்தை முதல் தடவை கொடுக்கும்போதே கூடுதல் நாளையும் சேர்த்துவிடுங்கள், இரண்டாவது விண்ணப்பம் என்று போனால் இழுபடும்.

தொண்டு நிறுவனங்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் உண்டு, காப்புறுதி. அலுவலகம் எடுக்கும் பயணக் காப்புறுதி வேலை நாட்களோடு முடிந்துவிடும். நீங்கள் தனியாகச் சுற்றும் நாளில் கால் சறுக்கி விழுந்தால் யார் கட்டுவது? சிங்கப்பூர் தனியார் ஆஸ்பத்திரிச் செலவு நம் சம்பளத்துக்குள் அடங்காது. ஒரு நாள் நீட்டிப்பதற்குப் பெரிய தொகை ஆகாது, கேட்டு நீட்டிக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குத் தினப்படி வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கடவுச்சீட்டும் காகிதங்களும்

இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. நமக்கு இப்படிக் கதவு திறந்திருக்கும் நாடுகள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. வேண்டியவை இவை:

கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இன்றே எடுத்துப் பாருங்கள். புதிதாக எடுப்பதென்றால், இதை எழுதும்போது சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒரு நாள் சேவைக்கு 20,000 ரூபாய். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, கைரேகை வசதியுள்ள பிரதேச செயலகத்தில் போய்க் கைரேகை கொடுக்கும் முறையும் இருக்கிறது. எந்தெந்தச் செயலகம் என்று குடிவரவுத் திணைக்களத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். படம் அவர்களிடம் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், பக்கத்துக் கடையில் எடுத்த படம் செல்லாது.

சிங்கப்பூர் வருகை அட்டை. இதைக் காகிதத்தில் நிரப்புவது இல்லை, இணையத்தில்தான். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் நிரப்ப முடியாது. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அல்லது அவர்களது செயலியில் நிரப்பலாம். ஒரு சதமும் இல்லை, முற்றிலும் இலவசம். கூகுளில் தேடினால் மேலே வரும் சில தளங்கள் அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், கடைசியில் கார்ட் நம்பரைக் கேட்கும். காசு கேட்டால் அது பொய்த்தளம், மூடிவிட்டு வெளியே வாருங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்விக்குக் கூட்டம் நடக்கும் ஹோட்டல் முகவரி போதும். ஆனால் கடைசி இரவுக்கு எடுத்த அறையின் பதிவுத் தாளும் கையில் இருக்கட்டும்.

அச்சடித்து ஒரே உறையில் வைக்க வேண்டியவை: அழைப்புக் கடிதம், அலுவலகக் கடிதம், விடுமுறை அனுமதி, போக வர டிக்கெட், இரண்டு தங்குமிடப் பதிவு. போனில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், கட்டுநாயக்காவில் கேட்கும் நேரம் பார்த்துத்தான் சார்ஜ் இறங்கும். இன்னொன்று, கிழக்கிலிருந்து முதல் தடவை தனியாகப் போகும் இளம் பெண்கள், பையன்கள் என்றால் குடிவரவில் கொஞ்சம் கூடுதலாகத் துருவுவார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் பயிற்சிக்கு, கூட்டத்துக்கு என்று சொல்லிக் கடிதத்தை நீட்டுங்கள். ‘வேலைக்கு’ என்று மொட்டையாகச் சொன்னீர்களோ, வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

4. காசு

1 சிங்கப்பூர் டொலரை 230 முதல் 240 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். போகிற கிழமையில் சரியான விலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து வங்கிக் கிளைகளில் சிங்கப்பூர் டொலர் எப்போதும் கையில் இருக்கும் என்று நம்ப முடியாது. கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் கொண்டு ஒரு கிழமைக்கு முன்பே போய்க் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அமெரிக்க டொலர் எடுத்துக்கொண்டு போய் அங்கே மாற்றலாம், லிட்டில் இந்தியாவில் முஸ்தபா என்ற பெரிய அங்காடிப் பக்கம் காசு மாற்றும் கடைகள் நிறைய. எயார்போர்ட்டில் அன்றைய தேவைக்கு மட்டும் மாற்றுங்கள்.

வங்கிக் கார்ட்டை வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கு முன்கூட்டியே திறந்துவிடச் சொல்ல வேண்டும். வங்கியின் செயலியிலோ போன் செய்தோ செய்யலாம். இதோடு ஒட்டிய ஒரு பொறி இருக்கிறது: அங்கே போனதும் நம் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த நாட்டு சிம்மைப் போடுவார்கள், அப்புறம் வங்கி அனுப்பும் இரகசிய எண் வந்து சேராது, பணம் கட்ட முடியாது. இரண்டு சிம் போடும் போன் என்றால் நம்முடையது உள்ளேயே இருக்கட்டும், ரோமிங்கைக் குறுஞ்செய்திக்கு மட்டும் திறந்து டேட்டாவை நிறுத்தி வையுங்கள்.

அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு வேண்டும்? மூன்று வேளைச் சாப்பாடு 20 முதல் 25 டொலர், ரயில் 8 முதல் 10 டொலர், நுழைவுக் கட்டணம் ஏதாவது ஒன்று 15 டொலர். ஆக 50 டொலர், நம் காசில் 12,000 ரூபாய்க்குக் கிட்ட. கடைசி இரவுக்கு அறை எடுத்தால் லிட்டில் இந்தியாவில் சின்ன ஹோட்டல் 80 டொலரிலிருந்து ஆரம்பிக்கும், பங்க் படுக்கை உள்ள விடுதி அதில் பாதிக்கும் கீழே. ஒவ்வொன்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், ஒன்றரை டொலர் தேத்தண்ணி 350 ரூபாய் என்று நினைத்தால் தொண்டையில் இறங்காது.

5. பெட்டியில் போகக் கூடாதவை

இது நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் புகையிலையைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. கொஞ்சம்தானே என்ற பேச்சே அங்கே எடுபடாது. சூயிங்கமும் அப்படித்தான், இ-சிகரெட் அதைவிட மோசம், வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கு எதுவும் கிடையாது. ஒரே ஒரு பெட்டி கொண்டு போனாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். நண்பருக்கு என்று இறைச்சிப் பொரியல் கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொதல், முந்திரிப்பருப்பு கொண்டு போங்கள், சந்தோஷப்படுவார்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போடக் கூடாது. அங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் மூன்று உள்ள பிளக், வீட்டிலுள்ள உருண்டைக் கால் சார்ஜர் ஏறாது. ஒரு குடை. அவ்வளவுதான்.

6. கட்டுநாயக்காவுக்கு எப்போது வெளிக்கிடுவது

விமானம் காலையில் என்றால் முதல் நாள் மாலையே, இரவில் என்றால் அன்று காலையில். ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எல்லா இடத்திலும் எயார்போர்ட் வான் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். மத்திய கிழக்குக்குப் போகும் ஆட்களோடு சேர்ந்து இருக்கைக் கணக்கில் போனால் தனி வானை விட எவ்வளவோ மலிவு. ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்பு போய், அங்கிருந்து கட்டுநாயக்காவுக்குத் திரும்பி வரலாம், செலவு இன்னும் குறையும், ஆனால் பெட்டியோடு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். ரயிலை நம்புவதென்றால் ஒரு அரை நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பகுதியில் யானை குறுக்கே வந்து ரயில் நிற்பது நமக்குப் புதிதில்லை, விமானம் காத்திருக்காது.

7. இறங்கியதும்

ரயிலுக்குத் தனியாகச் சீட்டு எடுக்கத் தேவையில்லை. தொட்டுக் கட்டும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்ட் இருந்தால் வாயிலில் தொட்டு உள்ளே போகலாம், வெளியேறும்போது அதே கார்ட்டைத் தொட வேண்டும். வெளிநாட்டுக் கார்ட்டுக்கு, பயன்படுத்தும் நாளொன்றுக்கு 60 சதம் கூடுதலாக எடுப்பார்கள், அதற்கு மேல் உங்கள் வங்கியின் மாற்றுக் கட்டணம் தனி. ஒரு கார்ட்டில் இரண்டு பேர் போக முடியாது. கார்ட் ஒத்துழைக்காவிட்டால் ஈசி-லிங்க் என்ற பயண அட்டையை 10 டொலருக்கு வாங்கலாம், அதில் 5 டொலர் பயணத்துக்கு, மிச்சம் அட்டையின் விலை, திரும்பி வராது. ஒரு பயணம் தூரத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டரை டொலர் வரை வரும். எயார்போர்ட்டிலிருந்து டாக்சி என்றால் 30 டொலர் அளவில். நாலு பேர் பெட்டிகளோடு போனால் டாக்சிதான் புத்தி.

ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 டொலர் வரை அபராதம்.

8. அந்த நாளை எப்படிப் பிரிப்பது

யூனிவர்சல் ஸ்டூடியோஸ், மிருகக்காட்சிச்சாலை, செந்தோசா என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போகாதீர்கள். டிக்கெட்டே 50, 80 டொலர் என்று போகும், ஒன்றுக்குப் போனால் அன்றைய பொழுது அதிலேயே முடிந்துவிடும். பிள்ளைகளோடு இன்னொரு தடவை போகும்போது பார்க்கலாம்.

என் யோசனை: ரயில் வரைபடத்தில் நீல நிறத்தில் ஒரு பாதை இருக்கும், டவுன்டவுன் பாதை. அந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். தாவரவியல் பூங்கா, லிட்டில் இந்தியா, பூகிஸ், சைனாடவுன், மரினா பே ஓரம் இருக்கும் பேஃபிரண்ட், கடைசியில் எயார்போர்ட்டுக்கு மாறும் எக்ஸ்போ, எல்லாம் அதே பாதையில்தான். எங்கே மாறுவது, எந்த மேடை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை.

காலை. சிங்கப்பூரில் சூரியன் உதிக்கவே 7 மணி ஆகும். ஊரில் ஆறு மணிக்கே வெளிச்சம் பார்த்துப் பழகிய நமக்கு ஆறரைக்கு ஜன்னலைத் திறந்தால் நடுச்சாமம் மாதிரி இருக்கும். ஏழு மணிக்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். நுழைவு இலவசம். வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் நடக்கலாம். உள்ளே ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் வெளிநாட்டவருக்கு 15 டொலர். பேராதனை பார்த்தவர்கள் இதற்கு எதற்குக் காசு என்று நினைக்கலாம். ஓர்க்கிட்டில் ஆசை இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்பதரைக்கு நீலப் பாதையில் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்ததும் தேக்கா சந்தை கண்ணில் படும். வீரமாகாளியம்மன் கோயில் சிராங்கூன் வீதியிலேயே இருக்கிறது. இங்கே எல்லோரும் விழும் பொறி நேரம்: பெரும்பாலான கோயில்களில் நண்பகலோடு நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் போய்ப் பூட்டின கதவைக் கும்பிட்டுவிட்டு வருபவர்கள் எத்தனையோ பேர். கோயிலை முதலில் முடியுங்கள், மறுகா கடை. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா பக்கம் தலை காட்டாதீர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அன்றுதான் ஓய்வு, நடக்க இடமிருக்காது. மழை வந்தாலோ வெயில் தாங்காவிட்டாலோ இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடலாம், குளிரூட்டி உண்டு, திங்களன்று மூடியிருக்கும்.

சைனாடவுனில் இறங்கினால் சவுத் பிரிட்ஜ் வீதியில் மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. அந்த மாரியம்மன் கோயிலில் ஒவ்வொரு வருடமும் ஐப்பசி வாக்கில் தீமிதி நடக்கும், திரௌபதை அம்மனுக்கு. பாண்டிருப்புத் தீப்பள்ளயம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குழியைப் பார்த்தாலே விளங்கும். கல்முனை ஆள் ஒருவர் என்னோடு வந்திருந்தார், வேறெந்த இடத்திலும் அவர் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

ஜும்ஆ நாளில் போகிறவர்கள் பூகிஸ் நிறுத்தத்தில் இறங்கினால் சுல்தான் பள்ளிவாசல் நடை தூரம். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க, உள்ளே இறைச்சி வைத்த ரொட்டியான முர்தபாக் விற்கும் கடைகள். ஹலால் சான்றிதழ் கடை முகப்பில் ஒட்டியிருக்கும், பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பின்னேரம். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியில் நடக்காதீர்கள். வெயிலும் நம்மூர் வெயில்தான், புழுக்கம் அதைவிட ஒரு படி கூட, நாலு மணிக்கு இடியோடு மழை கொட்டினாலும் ஆச்சரியமில்லை. சாமான் வாங்குவதை இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை. பேஃபிரண்ட் நிறுத்தம், அங்கிருந்து நடந்து கார்டன்ஸ் பை த பே. வெளித்தோட்டம் முழுவதும் இலவசம். கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்கும் சேர்த்து 40 டொலருக்கு மேல், ஒரு நாள் ஆளுக்கு அது தேவையில்லை. அங்கே நிற்கும் பெரிய செயற்கை மரங்களில் 7.45க்கும் 8.45க்கும் விளக்கும் பாட்டுமாக ஒரு காட்சி நடக்கும், அதுவும் இலவசம். கீழே புல்லில் சீன ஆச்சிகள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள், நின்று பார்த்தால் கழுத்துத்தான் வலிக்கும்.

9. சாப்பாடு

ஹோக்கர் சென்டர் என்ற பொதுச் சாப்பாட்டு மண்டபங்களில் சாப்பிடுங்கள். ஐந்து முதல் எட்டு டொலருக்குள் வயிறு நிறையும். தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் தோசை, இடியப்பம், பிரியாணி எல்லாம் உண்டு. தமிழிலேயே கேட்கலாம். நம் பேச்சைக் கேட்டதும் ‘யாழ்ப்பாணமா தம்பி’ என்பார்கள். மட்டக்களப்பு என்றால் ஒரு கணம் யோசிப்பார்கள்.

மேசையில் ஆளில்லை, நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடக்கிறதா? அந்த மேசை பிடிபட்டாயிற்று. யாரோ விட்டுவிட்டுப் போனது என்று எடுத்துக் கை துடைக்காதீர்கள், உணவு வாங்க வரிசையில் நிற்பவர் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் அப்படியே ஒன்றை வைத்து இடம் பிடிக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021இலிருந்து அது சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைக்காதீர்கள். ‘தே’ என்று கேட்டால் டின்பால் ஊற்றிய தேத்தண்ணி வரும், பிளேன்டீ வேண்டுமென்றால் ‘தே ஓ’. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொண்டு போனால் நாளுக்கு ஐந்தாறு டொலர் மிச்சம்.

10. முஸ்தபாவும் திருப்பித் தரும் வரியும்

லிட்டில் இந்தியாவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் முஸ்தபா. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் என்பதால் எங்கள் ஆட்கள் இரவில் போவார்கள். உள்ளே போனால் நேரம் போவதே தெரியாது. பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், ஒரு மணி நேரம் என்று மனதில் வையுங்கள். வீட்டில் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி ‘இது வேணுமா’ என்று கேட்டீர்களோ, அன்றைய நாள் அங்கேயே முடிந்தது.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 வீதம், விலைக்குள்ளேயே இருக்கும். வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த ஒரே கடையில் 100 டொலருக்குக் குறையாமல் வாங்கினால் சுற்றுலாப் பயணி அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம், கையாளும் கட்டணம் கழித்துத் தருவார்கள். காசு கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும், அப்புறம் போய்க் கேட்டால் நடக்காது. எயார்போர்ட்டில் இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்து விண்ணப்பிக்கலாம். பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பொருளைக் காட்டு என்று சொன்னால் காட்ட வேண்டும், பெட்டி உள்ளே போய்விட்டால் எதைக் காட்டுவது?

11. திரும்பும் நாள்

இரவு விமானம் என்றால் காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் வைக்கலாம், பெரும்பாலும் காசு எடுப்பதில்லை. இரவு பத்தரைக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரைக்கு எயார்போர்ட்டில் நிற்க வேண்டும், ஆறுக்குப் பெட்டியோடு ஹோட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும். அதாவது மரத்து விளக்குக் காட்சி அன்றைக்கு இல்லை. அதை முந்தின நாள் கூட்டம் முடிந்த மாலையிலேயே பார்த்துவிடுங்கள். பதிலுக்கு எயார்போர்ட்டை ஒட்டிய ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பார்க்கக் காசில்லை.

நீலப் பாதையில் எக்ஸ்போ வரை வந்து பச்சைப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் சாங்கி. நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசத்தால் பத்தரைக்கு ஏறினால் கட்டுநாயக்காவில் அதே நள்ளிரவு இறங்குவீர்கள். இங்கேதான் நம் கதை கொழும்பு ஆளின் கதையிலிருந்து பிரிகிறது: அவர் ஒரு மணிக்குக் கட்டிலில், நமக்கு இன்னொரு இராத்திரிப் பயணம். வானைப் போகும்போதே திரும்பி வரவும் பேசி முடித்துவிடுங்கள், இறங்கி நின்றுகொண்டு ஆள் தேடினால் கேட்கும் விலைக்குத் தலையாட்ட வேண்டிவரும். வீடு வந்து சேரக் காலை எட்டு, ஒன்பது ஆகும். அன்றைக்கு அலுவலகம் போக முடியாது, அந்த நாளையும் சேர்த்து விடுமுறை எடுங்கள். ஒரு நாள் பார்க்க இரண்டு நாள் விடுமுறை என்பதுதான் நம் பக்கத்து உண்மையான கணக்கு.

12. அலுவலகக் கணக்கு

வேலை நாட்களின் பில்லை ஒரு உறையிலும் சொந்த நாளின் பில்லை இன்னொன்றிலும் அன்றன்றே பிரித்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் நம்மூர்ச் சூட்டில் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும், அன்றிரவே படம் பிடித்துவிடுங்கள். விமானத்தில் ஏறும் அட்டையின் துண்டைக் கணக்குப் பிரிவு கட்டாயம் கேட்கும், போக ஒன்று வர ஒன்று. திரும்பும் துண்டில் திகதி ஒரு நாள் தள்ளி இருக்கும் அல்லவா, அதோடு விடுமுறை அனுமதிக் கடிதத்தின் நகலைப் பின் அடித்துக் கொடுங்கள்.